சிங்க இறாலும் சுவாமியாரின் கையெழுத்தும்

போன புதன்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு, என் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு விமானத்தின் கதவை நானே இழுத்துச் சாத்தினேன்.

இரண்டு தரம் சாத்தினேன். முதல் தரம் சரியாகப் பூட்டவில்லை.

விமானத்தின் கதவைப் பயணி சாத்துவதா? எனக்கும் அதே சந்தேகம்தான். முப்பத்துமூன்று வருடம் புகையிரத நிலைய அதிபராக இருந்தவன் நான். எல்லாக் கதவும் சாத்தியாயிற்று என்று கார்ட் கை காட்டிய பிறகே பச்சைக் கொடி பிடித்துப் பழகியவன். இங்கே கார்டும் இல்லை, கொடியும் இல்லை. மொத்தம் மூன்று பேர். அதில் ஒருவர் விமானத்தை ஓட்டுகிறவர். மற்றவன் என் தங்கையின் மகன் செபஸ்தியான். மூன்றாமவன் நான்.

நாலாவதாக ஓர் இருக்கை இருந்தது. எனக்குப் பக்கத்தில், வெறுமையாக. அதன் பெல்ட்டையும் இழுத்து மாட்டி வைத்திருந்தார்கள் – ஆளில்லாத இருக்கைக்கு எதற்குப் பெல்ட்? ஆடாமல் கிடக்கவாம். போகும் வழி முழுவதும் அந்தப் பெல்ட்டைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

பாரிசில் குடியிருக்கிற ஒரு பென்ஷன்காரனுக்குத் தனி விமானம் எதற்கு என்று நீங்கள் கேட்பது நியாயம். தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலில் என் கடைக்காரர் அதைத்தான் கேட்டார். "மாஸ்டர், லொத்தர்ச் சீட்டு விழுந்திட்டுதோ?"

லொத்தர் இல்லை. கறையான்.

என் மனைவி இலங்கையில் இருக்கிறா. நான் இங்கே வந்து நாலு வருடமும் இரண்டு மாதமும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இரண்டே பேர் கொண்ட குடும்பம். அதில் ஒருவர் பாரிசின் புறநகரான கார்ஜ் லே கொனெஸில் மருமகன் செபஸ்தியான் வீட்டு மூன்றாம் மாடியிலும், மற்றவர் எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீற்றருக்கு அப்பாலும் இருப்பதை என்னவென்று சொல்வது? வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவ நின்றா. "ஆறு மாசத்திலை கூப்பிடுறன்" என்று சொல்லிவிட்டு நான் வந்தேன். ஆறு மாதம்... கணக்கில் நான் விட்ட பிழைகளில் அதுதான் பெரியது.

போன வருடம் சண்டை வந்து நிலைமை மோசமானபோது, ஊரில் எல்லோரும் செய்ததை அவவும் செய்தா. வீட்டுப் பத்திரங்களை எல்லாம் ஒரு பால்மாத் தகரப் பேணியில் போட்டு, மெழுகால் மூடி, கிணற்றடியில் புதைத்துவிட்டுக் கொழும்புக்குப் போனா. பதினொரு மாதம் கழித்துத் திரும்பிப் போய்த் தோண்டினா. காணி உறுதிப் பத்திரம் பாதி இருந்தது. என் பென்ஷன் கடிதம் முழுதாக இருந்தது. எங்கள் கலியாணப் பதிவு மட்டும் இல்லை. மறுபடி கொழும்புக்கு வந்து எனக்குக் கடிதம் எழுதினா: "கறையான் எங்கடை கலியாணத்தை வடிவாய் வாசிச்சு முடிச்சிட்டுது."

அவவுக்கு எழுத்தில்தான் இப்படி வாய். பேச்சில் மிகவும் அடக்கம்.

இங்கே விசா அலுவலகத்துக் கந்தோர்க்காரிக்குக் கறையான் கதை விளங்கவில்லை. மனைவியைக் கூப்பிட வேண்டுமென்றால் அவ மனைவிதான் என்று காட்ட வேண்டாமா என்றா. கலியாணம் நடந்த மாதா கோயில் புத்தகத்தில் இருக்குமே என்றேன். அந்தக் கோயில் பக்கம் இப்போது ஒருவரும் போக முடியாது. சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரும் செத்துப்போனார்கள். கடைசியில் கந்தோர்க்காரியே இரங்கி ஒரு வழி சொன்னா. கலியாணத்தை நடத்திவைத்தவர் உயிரோடு இருந்தால், அவருடைய கையெழுத்தோடு ஒரு கடிதம்.

இருந்தார். அதுதான் அதிசயம். எங்களுக்குத் தாலி ஆசீர்வதித்த வெள்ளைச் சுவாமியார், யாழ்ப்பாணத்துக் கரையோரங்களில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு, தன் சொந்த மண்ணுக்கே திரும்பி, மேற்குக் கடலில் பெல்-ஈல் என்ற தீவில் கன்னியாஸ்திரிகளின் மடம் ஒன்றில் ஓய்வாக இருக்கிறார் என்று ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசையில் ஒருவர் சொன்னார். எண்பத்துநாலு வயது.

மூன்று கடிதம் போட்டேன். மூன்றாவதற்குத்தான் மடத்துச் சிஸ்டர் பதில் எழுதினா. சுவாமிக்குக் கண் தெரியாது, நேரில் வாருங்கள் என்று.

ரயிலில் போய், பிறகு கப்பலேறிப் போவதற்கு இரண்டு நாள் வேண்டும். பேச்சுத் துணைக்குச் செபஸ்தியான் இல்லாமல் என் பிரெஞ்சை வைத்துக்கொண்டு நான் கடையில் பாண் ரொட்டி மட்டும்தான் வாங்கலாம். அவனுக்கோ ரெஸ்ரோரண்டில் கிழமைக்கு ஒரு நாள்தான் லீவு. அந்த ரெஸ்ரோரண்ட் முதலாளிக்கு – அவன் பாஷையில் பத்ரோன் – சமையலுக்கு அடுத்த பைத்தியம் பறப்பது. நாலு பேர் இருக்கிற பழைய விமானம் ஒன்று வைத்திருக்கிறார். பெல்-ஈலில் அவருடைய தமையன் சிங்க இறால் பிடிக்கிறார். பத்ரோன் மாதத்தில் இரண்டு தரம் பறந்து போய் அள்ளிக்கொண்டு வருவார்.

"மாமாவும் வரட்டும்" என்று அவர் சொன்னாராம். ஒரு நிபந்தனையோடு. முதல் நாள் ரெஸ்ரோரண்டின் பின்பக்கத்தில், மீன் நிறுக்கிற தராசில் என்னை ஏற்றி நிறுத்தினார்கள். ஐம்பத்தெட்டுக் கிலோ. பையோடு அறுபது.

"ஏன் மாமா முழிக்கிறியள்?" என்றான் செபஸ்தியான். "திரும்பி வரேக்கை பாரம் கூடினால் ஒண்டில் சிங்க இறாலை இறக்கிறது, இல்லாட்டி உங்களை."

"இறாலுக்குத்தான் விலை கூட" என்றேன்.

"ஓம், அதுதான் பத்ரோனும் யோசிக்கிறார்."

விமானம் எழும்பியபோது நான் செய்ததை ஒளிக்காமல் சொல்கிறேன் – கண்ணை மூடிக்கொண்டு, எஞ்சின் நின்று நின்று வேலை செய்கிறதா என்று கேட்டபடி நொடிகளை எண்ணினேன். நிற்கவில்லை. நூற்றி இருபது வரை எண்ணிவிட்டுக் கண்ணைத் திறந்தேன். கீழே வயல்கள் சிறு சிறு துண்டாகக் கிடந்தன. ஒரு ரயில் போயிற்று. பதினாறு பெட்டி. அதில் இருக்கிறவன் எவ்வளவு நிம்மதியாக இருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மணியும் இருபது நிமிடமும் பறந்தோம். பிறகு கடல் வந்தது. என் மனைவி கடலைப் பார்த்தால் எப்போதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துவிடுவா... பக்கத்து இருக்கையின் பெல்ட்டைப் பார்த்தேன். செபஸ்தியான் திரும்பி, "மாமா, சத்தி வருகுதோ?" என்று கேட்டு ஒரு கடதாசிப் பையை நீட்டினான். இல்லை என்று தலையாட்டினேன்.

இறங்கியவுடன் பத்ரோன் மேற்கே வானத்தைக் காட்டி ஏதோ சொன்னார். "முகில் வருகுதாம். மத்தியானம் இரண்டு மணிக்குள்ளை ஏறிப்போட வேணும். இல்லாட்டி இஞ்சைதான் படுக்கை" என்றான் செபஸ்தியான். அப்போது பத்து மணி முப்பத்தைந்து.

மடத்துக்குப் போய்ச் சேரப் பதினொன்றேகால். சிஸ்டர் எங்களை ஒரு நீண்ட விறாந்தையால் கூட்டிப்போனா. கடைசி அறையில் ஜன்னலோரம் சுவாமியார் இருந்தார். ஒரு காலத்தில் ஆறடி மூன்றங்குலம். இப்போது நாற்காலிக்குள் மடிந்து கிடந்தார்.

நான் வாய் திறக்கும் முன் அவரே சொன்னார்: "இருங்கோ. தண்ணி வென்னி குடிச்சனீங்களோ?"

அந்தத் தமிழைக் கேட்டதும் நான் பிரெஞ்சில் பாடமாக்கி வைத்திருந்த வணக்கம் மறந்துபோயிற்று. அட்லாண்டிக் கடலுக்குள் ஒரு தீவில் யாழ்ப்பாணம் வந்து முன்னால் உட்கார்ந்திருந்தால் வேறென்ன ஆகும்? செபஸ்தியானின் பிள்ளைகள் இரண்டும் என்னோடு பேசுகிற தமிழை விட இது எத்தனையோ பங்கு மேல்.

கடிதத்தைப் பிரெஞ்சில் ரைப் செய்து கொண்டு போயிருந்தோம். ஒன்பது வரி. கீழே ஒரு கையெழுத்தும், பக்கத்தில் மடத்தின் முத்திரையும் விழுந்தால் அவ வரலாம். செபஸ்தியான் பேனையை எடுத்துத் திறந்துகூட விட்டான்.

"முதல் வாசி தம்பி" என்றார் சுவாமியார்.

வாசித்தான். ஐந்தாவது வரியில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"என்னெண்டு போட்டிருக்கு? 'எனக்கு நல்லாய் நினைவிருக்கு' எண்டோ?"

"ஓம் சுவாமி."

"எனக்கு நினைவில்லையே."

செபஸ்தியான் குனிந்து மெதுவாகச் சொன்னான். "சுவாமி, ஒரு வரிதானே..."

"அந்த ஒரு வரிதான் தம்பி பொய்." கோபமாக அல்ல, கவலையாகத்தான் சொன்னார். "ஆயிரத்துக்கு மேலை சோடிகளுக்குக் கலியாணம் செய்து வைச்சிட்டன். எல்லாம் ஒண்டாய்க் கலந்து போச்சு. நினைவு வந்தால் கட்டாயம் போடுவன். சொல்லுங்கோ, நினைவுபடுத்துங்கோ."

இதுதானா பெரிய விஷயம் என்று எனக்குத் தைரியம் வந்தது. நினைவுபடுத்த என்னைவிட ஆள் உண்டா? நான் எண்ணாதது ஏதாவது உண்டா? முப்பத்தெட்டு வருடத்துக்கு முந்திய அந்தக் காலையை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். பீடத்தில் பதினாலு மெழுகுதிரி, இரண்டு எரியவில்லை. வந்த சனம் இருநூற்றுப் பதினொரு பேர். மூன்று கார். பொம்பிளை வீட்டார் ஏழு நிமிடம் பிந்தி வந்தார்கள். பூசை நாற்பத்தாறு நிமிடம்.

சுவாமியார் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். "எல்லாக் கலியாணத்திலையும் மெழுகுதிரி இருந்தது. எல்லாப் பொம்பிளையும் பிந்தித்தான் வந்தது" என்றார்.

பன்னிரண்டேகால்.

"பொம்பிளை எப்பிடி?" என்று கேட்டார்.

"ஐந்தடி ஒரு அங்குலம், சுவாமி."

செபஸ்தியான் நெற்றியில் கையை வைத்தான். "மாமா, சுவாமி அளவு கேக்கேல்லை. ஆள் எப்பிடி எண்டு கேக்கிறார்."

ஆள் எப்படி... நான் என்ன சொல்வது? நாலு வருடமும் இரண்டு மாதமுமாக ஒரு நாள் தவறாமல் நினைக்கிற ஆள். ஜன்னலால் கடலைப் பார்த்தேன். முகில் கரைக்குக் கிட்ட வந்திருந்தது.

சுவாமியார் தனக்குத்தானே பேசத் தொடங்கினார். வயதானவர்கள் பேசுவதுபோல, எங்களுக்காகவும் இல்லை, தனக்காகவும் இல்லை. "பாவம், உங்கடை பொம்பிளைப் பிள்ளையள். சம்மதமோ எண்டு கேட்டால் வாயே திறக்காதுகள். தலையைக் குனிஞ்சு கொண்டு நிக்குங்கள். சத்தமாய்ச் சொன்னால் வெக்கம் கெட்டது எண்டு சனம் சொல்லும். நான் மூண்டு தரம் கேப்பன். மூண்டாந்தரம் காதைக் கொண்டுபோய் வைச்சால் ஒரு மூச்சுக் கேக்கும். அதைச் சம்மதம் எண்டு எழுதுவன்."

கலியாணத்தன்று காலை நான் எண்ணிய எத்தனையோ எண்களில் ஒன்றை மட்டும் நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று வைத்திருந்தேன்.

"என்ரை மனிசியிட்டை நீங்கள் ஒருக்காத்தான் கேட்டனீங்கள், சுவாமி" என்றேன்.

அவர் முகம் என் பக்கம் திரும்பியது. "ஒருக்காவோ?"

"ஒருக்கா."

பார்வை தெரியாத கண்கள் இரண்டும் அகலத் திறந்தன. பிறகு அந்த மெலிந்த உடம்பு குலுங்கத் தொடங்கியது. அழுகிறார் என்று பயந்து சிஸ்டர் ஓடி வந்தா. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"'ஓம்' எண்ட பிள்ளை! அந்தப் பிள்ளையோ? நான் கேள்வியைக் கேட்டு முடிக்க முதல் 'ஓம்' எண்டு சொன்னது. கோயில் முழுக்கக் கேட்டது. மேலை பாட்டுக்காரப் பெட்டையள் சிரிச்சவை, பிறகு முழுச் சனமும் சிரிச்சது. மாப்பிள்ளையின்ரை முகம் மிளகாய்ப் பழம் மாதிரி... அது நீரே?"

"நான்தான் சுவாமி."

"அந்தப் பிள்ளையை நான் எத்தினை பொம்பிளையளுக்குச் சொல்லியிருப்பன். அவளைப் போலச் சொல்லுங்கோ எண்டு. ஒருத்தியும் சொல்லேல்லை. முப்பது வருசத்திலை அவள் ஒருத்திதான்." மூச்சு வாங்கினார். பிறகு கேட்டார்: "இப்பவும் அப்பிடித்தான் சொல்லுறவவோ?"

வாசகர்களே, இந்தப் பத்திரிகைப் பத்தியில் நான் பஸ் பிந்தியதையும் பாண் நிறை குறைந்ததையும் எத்தனையோ வாரம் முறையிட்டிருக்கிறேன். என்மேல் ஒரு முறைப்பாட்டை நானே எழுதவேண்டி வரும் என்று நினைக்கவில்லை.

அன்று கோயிலால் திரும்பும்போது காரில் நான் அவவிடம் பேசிய முதல் வசனம் இதுதான்: "இருநூற்றுப் பதினொரு பேர் சிரிச்சது. பொம்பிளை எண்டால் கொஞ்சம் அடக்கம் வேணும்." அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டா. அதற்குப் பிறகு நான் எதைக் கேட்டாலும் – சாப்பாடு போடவோ, வெளிக்கிடுவமோ, ஆறு மாதம் தனிய இருப்பீரோ – பதில் ஒன்றே ஒன்று. "ம்."

முப்பத்தெட்டு வருடமாக நான் அதை அடக்கம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

சுவாமியாருக்கு என்ன பதில் சொல்வது? "டெலிபோனிலை வடிவாய்க் கேக்காது சுவாமி" என்றேன்.

செபஸ்தியான் அவர் கையைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தான். அவர் மிக மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு, ஒரு வரி தமிழில் எழுதட்டுமா என்று கேட்டார். எழுதுங்கோ என்றோம். கோணல் மாணலாக, கடிதத்தின் ஓரத்தில் மேலேறிப் போகும் வரியாக எழுதினார்: "இந்தப் பிள்ளையின் சம்மதம் என் காதால் கேட்டது." சிஸ்டர் முத்திரை குத்தினா. ஒரு மணி ஐந்து.

திரும்பும்போது நாலாவது இருக்கையில் சிங்க இறால் பெட்டி இரண்டை வைத்து, அதே பெல்ட்டால் கட்டினார்கள். எனக்கு என்னவோ போலிருந்தது. "அந்த இருக்கையை மாமிக்கு எண்டு வைச்சிருந்தனீங்களோ மாமா?" என்று கேட்டுவிட்டு, செபஸ்தியான் தானே நாக்கைக் கடித்துக்கொண்டான். வழி முழுவதும் பெட்டிக்குள் அவை கிறுக்கிறுக்கென்று அசைந்துகொண்டிருந்தன. எத்தனை என்று எனக்குத் தெரியாது. கடிதத்தைச் சட்டைக்குள் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு இருந்தேன்.

வெள்ளிக்கிழமை கந்தோர்க்காரி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தா. ஓரத்துத் தமிழ் வரியைச் சுட்டி, இது என்ன என்று கேட்டா. வேலைக்குப் போக முதல் கூட வந்த செபஸ்தியான் பிரெஞ்சில் சொன்னான். அவ சிரிக்கவில்லை. கோப்புக்குள் வைத்து, ரசீது தந்தா. இனிப் பதில் வரவேண்டும். மூன்று மாதமாகலாம், ஆறு மாதமாகலாம் என்கிறார்கள். ஆறு மாதம் என்ற சொல்லில் எனக்கு நம்பிக்கை போய்க் கனகாலம்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல லா சப்பலுக்குப் போனேன். ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில் என் கடைக்காரரின் கடையில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு டெலிபோன் இருக்கிறது. பின்பக்கம் தொங்குகிற இன்னொரு சின்னக் காதுக்குழாயும் உண்டு; அதைக் கடைக்காரர் எப்போதும் தன் காதில் வைத்துக்கொள்வார். நேரம் பார்க்கவாம். கொழும்பில் அவ தங்கியிருக்கிற வீட்டு டெலிபோன் ஐந்தாவது முயற்சியில் கிடைத்தது.

கையெழுத்துக் கிடைத்ததைச் சொன்னேன். "ம்" என்றா. ரசீது தந்ததைச் சொன்னேன். "ம்."

"சுவாமியார் உம்மை மறக்கேல்லை" என்றேன்.

"என்னையோ? என்னெண்டு?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன். மிளகாய்ப் பழத்தையும் விடவில்லை. காரில் நான் சொன்ன வசனம் வந்தபோது, அது பிழை என்றும் சொன்னேன். கடைக்காரர் காதுக்குழாயை வைத்துவிட்டு அரிசி மூட்டையை அடுக்கப் போனார். பிறகு திரும்பி வந்து மறுபடி எடுத்துக்கொண்டார்.

"இஞ்சாரும்... லைனிலை நிக்கிறீரோ?"

"ம்."

"பேப்பர் வந்தால் வாறீரோ?"

"ம்."

"கேக்கேல்லை. வாறீரோ?"

"ம்... எண்டுதானே சொல்லுறன்."

மூன்றாந்தரம் கேட்டேன். சுவாமியார் கேட்பதுபோலவே நின்று நிதானமாகக் கேட்டேன். "என்னோடை வந்து இருக்கச் சம்மதமோ?"

"ஓம்!"

கடைக்காரர் குழாயைக் காதிலிருந்து பிடுங்கினார். கடையில் நாலு பேர் நின்றார்கள். நாலு பேரும் சிரித்தார்கள்.

இந்த முறை சிரித்தது ஐந்து பேர். ஐந்தாமவன் நான்.